கட்டில் இறங்கிய விதம்

1978 ஆடி மாதக் கடைசியில், கிதிர்பூருக்கும் கார்டன் ரீச்சுக்கும் நடுவில் ஆற்றோரமாக இருந்த பழைய ஆஸ்பத்திரி ஒன்றின் பெண்கள் வார்டில், கல்யாணியின் இரும்புக் கட்டில் தரையை விட்டு நான்கு விரற்கடை மேலே எழும்பி நின்றது. முதலில் பார்த்தவள் தரை துடைக்கும் ஆயா. வழக்கமாகக் கட்டில் கால்களைச் சுற்றிச் சுற்றித் துடைப்பவள், அன்றைக்கு ஈரத்துணியைக் கால்களுக்கு அடியிலேயே ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போனாள். வேலை மிச்சமானதால் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஊசி போட வந்த நர்ஸ் வசுமதி, வழக்கம்போலக் குனிய வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனித்து, தன் முதுகுவலிதான் தேவலையாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கட்டில் எழும்பியிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிய வந்தபோது அது பழைய செய்தியாகியிருந்தது. கல்கத்தாவில் அந்த வருடங்களில் நாள் முழுக்க மின்சாரம் இருந்தால்தான் செய்தி. ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அந்தக் கட்டடமும் இப்போது இல்லை.

கல்யாணி விழுப்புரத்துப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடித்தனம். மீன்காரனிடம் வங்காளியில் பேரம் பேசி ஜெயிக்கக்கூடிய ஒரே தமிழ்ப் பெண் என்று அந்த வட்டாரத்தில் அவளுக்குப் பெயர்; வங்காளிப் பெண்களுக்கு அவள் 'தீதி', அதாவது அக்கா. கணவர் வேதாச்சலம் ஒரு பெரிய ஸ்டேஷனில் விசாரணைக் கவுண்டரில் இருந்தார். ரயில் வராது என்று அவர் தம் சர்வீஸில் யாரிடமும் சொன்னதில்லை. பாலம் உடைந்து வண்டி பாதி வழியில் நின்றுபோன நாளில்கூட "அரை மணி லேட்" என்பார். அரை மணி கழித்து வந்து கேட்டால் "இன்னும் ஒரு முக்கால் மணி" என்பார். இப்படியே நீட்டிக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் ஜனங்கள் தாங்களாகவே புரிந்துகொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அது அவருடைய சொந்த முறை. "ஒரேயடியா சொன்னா மனுஷன் தாங்க மாட்டான். அரையரை மணியாத்தான் குடுக்கணும்" என்பார். பக்கத்துக் கவுண்டர்களின் கண்ணாடி எத்தனையோ தடவை உடைந்திருக்கிறது. அவர் கவுண்டர் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

கல்யாணிக்கு வயிற்றில் வலி வந்தபோது, கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டு டாக்டர் அனாதிநாத் குஹாவிடம் கொண்டுவந்து சேர்த்தார். குஹா வயிற்றைத் திறந்து பார்த்தார். கட்டி கல்லீரல் வரை ஓடியிருந்தது. எதையும் எடுக்காமல் மூடித் தைத்துவிட்டார். குஹாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கத்தி பிடித்தால் நடுங்காத அவர் கை, நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் மட்டும் சட்டைப்பையில் பேனாவைத் தேட ஆரம்பித்துவிடும். ரவுண்ட்ஸ் வரும்போது கட்டிலின் கால்மாட்டில் நிற்பார், எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், எக்ஸ்ரேயைப் பார்த்தே 'பாலோ, பாலோ', நல்லது, நல்லது, என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். உண்மையெல்லாம் வராந்தாவில், உறவுக்காரர்களிடம். வேதாச்சலத்தையும் வராந்தாவுக்கு அழைத்து, சில மாதம்தான் என்று சொன்னார். வேதாச்சலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவளிடம் சொல்லிவிட வேண்டாம், கட்டியை எடுத்தாகிவிட்டது என்று சொல்லுங்கள், துர்கா பூஜைக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினார். குஹாவுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. உள்ளே போய் அப்படியே சொன்னார். கட்டில் எழும்பியது அதற்கு மறுநாள்தான்.

பூஜைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றதும் கல்யாணி ஒரு முடிவு செய்தாள். உடம்பு தேறியதும் தன் அக்கா அலமுவின் வீட்டுக்குப் போவது. அலமு இருந்தது சாந்த்ராகாச்சியில், ஆற்றைக் கடந்தால் எட்டிப் பிடிக்கிற தூரம். ஆனால் அக்கா தங்கை பேசி பத்தொன்பது வருடமாகியிருந்தது. கல்யாணி தலைப்பிள்ளை உண்டாகியிருந்தபோது, பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மா வருவதாக இருந்தாள். பல் போன அம்மாவுக்காகக் கல்யாணி வெற்றிலை இடிக்கச் சின்னதாக ஒரு இரும்பு உரல் வாங்கி வைத்துக் காத்திருந்தாள். அலமு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து, டிக்கெட் கிடைக்கவில்லையாம், அம்மா அடுத்த வாரம் வருகிறாளாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். உண்மையில் அம்மா செத்து அப்போதே இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை பிறந்து, அதுவும் தங்காமல் போன வாரத்தில்தான் கல்யாணிக்குச் சொன்னார்கள். இதை மறைக்கலாம் என்று யார் சொன்னது என்று கல்யாணி கேட்டாள். அலமு, "நான்தான்" என்றாள். கல்யாணி உரலை எடுத்துத் தெருவில் எறிந்துவிட்டு, இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று கதவைச் சாத்தினாள். அந்த இரண்டு மாதத்தில் வீட்டுக் கட்டில் எழும்பியதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நாளில் கல்யாணியும் கணவரும் பாயில் படுப்பவர்கள். இப்போது வயிற்றைத் திறந்து மூடிய பிறகு, கல்யாணிக்கு அக்கா ஞாபகமாகவே இருந்தது. ஆனால் நோயாளியாகப் படுத்துக்கொண்டு அக்காவை வரவழைத்து இரக்கம் சம்பாதிக்க அவள் தயாரில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சொந்தக் காலில் நடந்து போய், அக்கா வாசலில் நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வருவது என்று வசுமதியிடம் பலமுறை சொன்னாள். வசுமதி, "கட்டாயம் போலாம்மா" என்பாள். அப்போதெல்லாம் கட்டில் லேசாக ஆடும்.

பூஜை வந்தது, போயிற்று. காளி பூஜைக்கு என்றார் வேதாச்சலம். பிறகு கார்த்திகை தீபத்துக்கு. பிறகு பொங்கலுக்கு. ஒவ்வொரு பண்டிகைக்கும் கட்டில் ஒரு முழம் ஏறியது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், கூரைக்கும் தரைக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. ஊசி போட வசுமதி முதலில் ஸ்டூல் போட்டுக்கொண்டாள், பிறகு ஏணி கொண்டுவந்து சாத்தினாள். டாக்டர்கள் ஏணி ஏறுவதில்லை. குஹா கீழே நின்று அண்ணாந்து எக்ஸ்ரேயை ஆட்டுவார். அவர் சொல்வது மேலே போய்ச் சேருவதற்குள் பாதி கரைந்துவிடும். கட்டில் ஃபேனை நெருங்கியபோது எலக்ட்ரீஷியன் வந்து ஃபேனைக் கழற்றிக்கொண்டு போனார். கட்டடத்தைப் பார்வையிட வந்த இன்ஜினீயர், ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டில் சரியான மட்டத்தில்தான் இருக்கிறது, தரைதான் கீழே இறங்கியிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். பக்கத்து ஆண்கள் வார்டிலும் இரண்டொரு கட்டில்கள் எழும்பியிருந்தன. அங்கே இன்னொரு இன்ஜினீயர். கல்யாணிக்கு மேலே ஒரு சௌகரியம் இருந்தது. கூரையோரத்து வெண்டிலேட்டர் வழியாக ஆறு தெரிந்தது. கிதிர்பூர் டாக்குக்குள் போகிற கப்பல்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். மற்றபடி அவள் தனியாக இருந்தாள். வருகிறவர்கள் கீழே நின்று "நல்லாருக்கீங்களா?" என்று கத்துவார்கள். "நல்லாருக்கேன்" என்று மேலேயிருந்து குரல் வரும். அவ்வளவு உயரத்துக்கு அதற்கு மேல் எதையும் அனுப்ப முடியாது.

நடுவில், அந்த வருடத்துப் பெருமழையில் ஊரே மிதந்தபோது வார்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. மற்ற நோயாளிகளை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். கல்யாணியின் கட்டில் மட்டும் ஒரு சொட்டு நனையாமல் தண்ணீருக்கு மேலே நின்றது. முழங்கால் தண்ணீரில் நின்று அதைப் பார்த்த வேதாச்சலம், தம் முறையில் எந்தக் குற்றமும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். மழை வடிந்த கையோடு இன்னொன்றும் நடந்தது. ஆண்கள் வார்டில் ஏழுமலை என்று கப்பல் பட்டறை வெல்டர் ஒருவர் இருந்தார், அவர் கட்டிலும் ஆள் உயரத்துக்கு மேலே போயிருந்தது. புதிதாக வந்திருந்த ஓர் இளம் டாக்டருக்கு, நோயாளியிடம் மறைப்பது பாவம் என்று எண்ணம். எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் வேறு வார்டுக்குப் போகிற வழியில், நின்றும் நிற்காமலும் அண்ணாந்து பார்த்து, உனக்கு வந்திருப்பது புற்றுநோய், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கட்டில் அந்த உயரத்திலிருந்து ஒரேயடியாக விழுந்தது. ஒரு கால் வளைந்து போயிற்று. ஏழுமலைக்கு அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், பிறகு யார் பக்கமும் திரும்பவில்லை. மனைவி பக்கம்கூடத் திரும்பவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தார். வேதாச்சலம் குஹாவிடம் வந்து, "பாத்தீங்களா டாக்டர்பாபு, உண்மை பேசுனா என்ன ஆவுதுன்னு?" என்று வங்காளியில் கேட்டார். குஹா வளைந்த கட்டில் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏற்றியது தன் மாதிரி ஆட்களின் வாய், கீழே போட்டதும் தன் மாதிரி ஆட்களின் வாய் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மார்கழி பிறந்தபோது கல்யாணி வசுமதியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாள்: டாக்டர்பாபுவை ஒருதரம் மேலே வரச் சொல், கையில் எக்ஸ்ரே இல்லாமல். குஹா நாலைந்து நாள் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம், லோட்ஷெடிங்கில் மின்சாரம் போய் வார்டே மங்கிக் கிடந்த நேரத்தில், வந்து ஏணியில் ஏறினார். பெருத்த உடம்பு, ஏணியை வசுமதி பிடித்துக்கொண்டாள். மேலே போய்க் கட்டிலின் கால்மாட்டில், ரயிலில் மேல் பர்த்தில் உட்கார்ந்தவர் போலக் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அது ஏறும்போதே கீழே விழுந்திருந்தது. வேறு வழியில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார். நான்கு மாதத்தில் அது எவ்வளவு சுண்டிப்போயிருந்தது என்று கீழேயிருந்து அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உங்களுக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள், தீதி, என்று கேட்டார். இத்தனை வருடத் தொழிலில் அவர் யாரிடமும் கேட்டிராத கேள்வி அது.

கல்யாணி தன் சந்தை வங்காளியில் பதில் சொன்னாள். எடுத்ததாகச் சொன்ன கட்டி மறுபடி கைக்குத் தட்டுப்படுகிறது, எடுக்கவில்லையா என்றாள். எடுக்க முடியவில்லை என்றார் குஹா. கட்டில் ஒரு சாண் இறங்கியது. ஏழுமலையின் கட்டில் ஞாபகம் வந்து அவர் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் அது விழவில்லை. தூங்குகிற பிள்ளையைப் பாயில் இறக்குகிற மாதிரி இறங்கி நின்றது. அவர் எழுந்து போகவில்லை. இன்னும் தெரிந்துகொள்ள விருப்பமா, இன்றைக்கு இவ்வளவு போதுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றாள். இது குணமாகிற நோய் இல்லை என்றார். இன்னொரு சாண். கல்யாணி அழுதாள். குஹா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தம் கண்ணையும் துடைத்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு இருப்பேனா என்றாள். இருக்கலாம், அடுத்த பொங்கலுக்கு இருக்க மாட்டீர்கள் என்றார். வலிக்குமா என்றாள். வலியைப் பெரும்பாலும் அடக்க மருந்து இருக்கிறது, அடங்காத வேளையில் வந்து பக்கத்தில் உட்காருவேன் என்றார். ஒவ்வொன்றுக்கும் கட்டில் கொஞ்சம் இறங்கியது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவர் அது நிற்கும்வரை காத்திருந்தார். மின்சாரம் வந்து வார்டில் விளக்குகள் எரிந்தபோது கட்டில் ஒரு மனிதனின் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. அதற்குக் கீழே வரவில்லை. குஹா தம் பங்குக்கு இன்னும் ஏதாவது மறைத்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் இருக்கவில்லை. மிச்சமிருந்த உயரம் அவருடையதல்ல.

மாலையில் டிபன் கேரியரோடு வந்த வேதாச்சலத்துக்கு, மனைவியின் முகம் தம் முகத்துக்கு நேராக இருந்தது திடுக்கென்றது. மாதக் கணக்கில் அண்ணாந்தே பேசிப் பழகிய கழுத்து. "எல்லாம் சொல்லிட்டாருங்க" என்றாள் கல்யாணி. அவர் கேரியரை வைத்த வேகத்தில் ரசம் கொட்டியது. வராந்தாவுக்குப் போய்க் குஹாவைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை மாசமா ஒரு கீறல் விழாம வெச்சிருந்தேன்யா! என் கண்ணாடிய ஒடச்சிட்டியே!" என்று தமிழில் கத்தினார். குஹாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முழுக்கக் கேட்டுக்கொண்டார். திரும்பி உள்ளே வந்தபோது கல்யாணி நிதானமாக இருந்தாள். இனிமேல் பட்டுப்புடவை கட்டி நடந்து போவது இல்லை என்று ஆகிவிட்டது, அதனால் அக்காவை இங்கேயே வரச் சொல்லுங்கள் என்றாள்.

வேதாச்சலம் வாயைத் திறந்தால் பழக்கம்தான் முந்திக்கொண்டு வரும். "அவங்க ஊர்ல இல்ல கல்யாணி. கரக்பூர் போயிருக்காங்களாம்" என்றார். கட்டில் அவர் கண்ணெதிரே ஒரு சாண் எழும்பியது. "எப்ப வருவாங்க?" என்றாள். "ரெண்டு நாள்ல" என்றார், இன்னொரு சாண். "ரெண்டு நாள்னா, அடுத்த வாரம்." இப்போது அவர் மறுபடி அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்களும் ஆயாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, இது யாரால மேல போவுது?" என்று கேட்டாள். அவர் கட்டிலின் காலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. கடைசியில் காலைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா தவறின தந்தி அலமு வீட்டுக்கு வரல. என் ஆபீசுக்குத்தான் வந்துச்சு" என்றார். "நான்தான் மறைக்கச் சொன்னேன். பிரசவம் முடியட்டும், அதுவரைக்கும் வாரம் வாரம் ஏதாச்சும் சொல்லிக்கிட்டிருங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். யார் சொன்னதுன்னு நீ கேட்டப்ப அவங்க என்னைப் பாத்தாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவங்க நான்தான்னுட்டாங்க." கட்டில் இறங்க ஆரம்பித்தது. அவர் கை பிடித்திருந்த இடத்திலிருந்து காலோடு காலாகக் கையும் இறங்கியது. நான்கு கால்களும் தரையைத் தொட்டபோது இரும்பு சிமெண்டில் பட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. கல்யாணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்தம் கேட்டு உள்ளே வந்த குஹா ஏழுமலையை நினைத்துப் பயந்தார். ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் தானாகவே இந்தப் பக்கம் திரும்பி, "நீங்களே போங்க. அக்கா வாசல்ல நின்னு, உங்க வாயால சொல்லி, கூட்டிட்டு வாங்க" என்றாள். அதற்குப் பிறகு பல நாள் அவரோடு அவள் சரியாகப் பேசவில்லை. கொண்டுவந்த காபியை மட்டும் வாங்கிக் குடித்தாள்.

சாந்த்ராகாச்சியில் அலமு கதவைத் திறந்து, வாசலில் நின்ற மனிதரைப் பார்த்து, "நீங்களா சொன்னீங்களா, தானா தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். நானே சொன்னேன் என்றார் அவர். கட்டில் விஷயத்தை அப்போது சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அலமு உள்ளே போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் தங்கையின் தலைமாட்டில் நின்றவளிடம் கல்யாணி, "நீ ஏன்க்கா சொல்லல?" என்றாள். "புள்ளையும் போச்சு, அம்மாவும் போச்சு. ஒனக்கு மிச்சம் இருந்தது அவர் ஒருத்தர்தான்டி. அதையும் நான் புடுங்கணுமா?" என்றாள் அலமு. கல்யாணி அக்காவின் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அப்புறம் தலை வாரிவிடச் சொன்னாள். அலமுவின் பையில் சீப்பு இருந்தது. தெருவில் எறிந்த அந்தச் சின்ன உரலும் இருந்தது. வாய் வறண்டு மெல்ல முடியாமல் போயிருந்த தங்கைக்கு, அதில் வெற்றிலை இடித்துக் கொடுத்தாள். அன்று முதல் அவள் தினமும் ஆற்றைக் கடந்து வந்தாள். குஹாவும் தினமும் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். சில நாள் பேச ஒன்றும் இருக்காது. உட்கார்ந்துவிட்டுப் போவார். வலி மிஞ்சிய நாட்களில் மார்ஃபின் போட்டுவிட்டு, அது கேட்கும்வரை அங்கேயே இருந்தார்.

பொங்கலுக்குக் கல்யாணி இருந்தாள். அலமு வீட்டில் பொங்கி எடுத்துவந்ததில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். அது கழிந்து சில நாளில் குரல் உள்ளே போய்விட்டது. ஒரு காலை வேளை, வெயில் வெண்டிலேட்டர் வழியாக மேலே சுவரில் விழுந்திருந்தபோது, அவள் வேதாச்சலத்தைக் கிட்டே கூப்பிட்டாள். "ஒரு பொய் சொல்லுங்க" என்றாள். அவர், மாட்டேன், அதெல்லாம் விட்டாச்சு என்றார். "கப்பல் பாக்கணும்ங்க. இங்கேர்ந்து தெரியல. ஒங்கள மாதிரி சொல்ல வேற யாரு இருக்கா?" என்றாள். வேதாச்சலம் அலமுவைப் பார்த்தார். அலமு கட்டில் மேல் சம்மணம் போட்டு, தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்க என்பது போலத் தலையை ஆட்டினாள். குஹா ஸ்டூலிலிருந்து எழுந்து ஓரமாக நின்றுகொண்டார்.

"பங்குனில நாம ஊருக்குப் போறோம் கல்யாணி" என்று வேதாச்சலம் ஆரம்பித்தார். "மெயில்ல போறோம். ஒனக்கு ஜன்னலோர சீட்டு." கட்டில் எழும்பியது. கேட்டு வாங்கிய பொய்க்கும் கட்டில் எழும்பும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. "வண்டி கெளம்பியாச்சு. அக்காவும் கூட வர்றாங்க. இப்ப கரக்பூர். டீ வாங்கியாறேன். இப்ப பாலசோர்." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் கவுண்டர் குரலாகவே இருந்தது. பெர்காம்பூர், வால்டேர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கட்டில் அக்கா தங்கை இருவரையும் தூக்கிக்கொண்டு ஒரு முழம் ஏறியது. ராஜமுந்திரி பாலத்தில் கோதாவரிக்குக் காசு போட்டார்கள். மேலேயிருந்து மெல்லிய குரல் ஒன்று, "லேட்டாங்க?" என்று கேட்டது. வேதாச்சலம் தம் சர்வீஸில் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிராத வார்த்தையைச் சொன்னார். "இல்லம்மா. ரைட் டைம்" என்றார். "விழுப்புரத்துல அம்மா ஸ்டேஷனுக்கே வந்து நிக்கிறாங்க."

கட்டில் வெண்டிலேட்டர் உயரத்தில் நின்றது. விஜயவாடா தாண்டி, கூடூர் தாண்டி, அவர் நிறுத்தவில்லை. வண்டியை நடுவழியில் நிறுத்தக் கூடாது என்பது போல மெட்ராஸில் மாற்றி ஏற்றி, விழுப்புரம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு கட்டில் தானாக, யாரும் ஒன்றும் சொல்லாமலே, மெதுவாக இறங்க ஆரம்பித்தது. நான்கு கால்களும் தரையில் பதிந்தபோது இந்தத் தடவை சத்தமே கேட்கவில்லை. அலமு தங்கையின் கண்ணை மூடிவிட்டிருந்தாள். கறுப்புக் கப்பல், துரு ஏறியது, மேல்தளத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள், ரெண்டு பேருமே நல்லாப் பாத்தோம் என்று சொன்னாள். குஹா நாடி பார்த்தார். வராந்தாவுக்குப் போகாமல், அங்கேயே வேதாச்சலத்தின் தோளில் கை வைத்துச் சொன்னார்.

அதற்குப் பிறகும் அந்த ஆஸ்பத்திரியில் கட்டில்கள் எழும்பிக்கொண்டுதான் இருந்தன. உறவுக்காரர்கள் வராந்தாவில் கெஞ்சுவது நிற்கவில்லை. அதில் பாதி பாசம் என்பதால் குஹா யாரையும் திட்டவில்லை. வேலைக்குப் புதிதாகச் சேரும் டாக்டர்களிடம், பேசுவதற்கு முன்னால் உட்கார், முதலில் அவர்களைக் கேள், கட்டில் அசைந்தால் நிறுத்திக் காத்திரு என்று சொல்லிவைப்பார். 1982இல் ஓய்வு பெறும்வரை அவர் சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்ளவில்லை. வேதாச்சலம் கவுண்டருக்குத் திரும்பினார். வராத வண்டியைப் பற்றிக் கேட்டால், கவுண்டரை விட்டு வெளியே வந்து, கேட்டவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, தாமும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு வராது என்று சொல்ல ஆரம்பித்தார். சிலர் கத்தினார்கள். ஒருநாள் யாரோ கண்ணாடியில் கல்லால் அடித்துக் குறுக்காக ஒரு கீறல் விழுந்தது. மாற்றித் தரச் சொல்லி அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அலமு வீட்டில் சாப்பிட்டார். இன்ஜினீயர் மறுபடி வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரை பழைய உயரத்துக்கு வந்துவிட்டது என்று எழுதினார். எடுத்துப்போன ஃபேனை மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், யாரும் சொல்லாமலே அதைச் சுவர்ப்பக்கமாகத் தள்ளி மாட்டினார், மேலே போகிறவர்களுக்கு வழி விட்டு.